மூணாறு மலைகளின் நீர்ப்பஞ்சு: பட்டாதாரர்களை விலக்கிவிட்டுப் புல்வெளியை மீட்க முடியுமா?

புது தில்லி: மூணாறை அடுத்த வட்டவடை, கொட்டக்கம்பூர் கிராமங்களில் சுமார் 3,200 ஹெக்டேர் பரப்பில் குறிஞ்சிமலை சரணாலயம் அமைக்கப்படும் எனக் கேரள அரசு 2006 அக்டோபரில் அறிவித்தது. அந்த ஆண்டு நீலக்குறிஞ்சி பூத்திருந்தது. 12 ஆண்டுகள் கழித்து, 2018-ல் மீண்டும் பூத்தபோதும் சரணாலயத்தின் எல்லை முடிவாகவில்லை. அடுத்த பூப்பு 2030-ல். எது அரசு நிலம், எது பட்டா நிலம் என்ற ஒரே கேள்வியில் சிக்கி நின்ற இத்திட்டம், மலை உச்சிப் புல்வெளிகளையும் சதுப்புகளையும் மீட்க முனையும் அனைவருக்கும் ஒரு பாடமாக அமைந்துள்ளது.

இதைக் கேரளத்தின் உள்விவகாரமாகத் தமிழகம் கருதிவிட இயலாது. மறையூர், காந்தளூர், வட்டவடை மலைச்சரிவுகளில் பிறக்கும் ஓடைகள் கிழக்கு நோக்கிப் பாம்பாற்றில் சேர்கின்றன. பாம்பாறு அமராவதி அணைக்கு வருகிறது. காவிரி நடுவர் மன்றம் 2007-ல் வழங்கிய இறுதித் தீர்ப்பில் கேரளத்துக்கு ஒதுக்கிய 30 டி.எம்.சி. தண்ணீரில் 3 டி.எம்.சி. பாம்பாற்றுப் படுகைக்கு உரியது. எஞ்சி வரும் நீரை நம்பியிருப்பவர்கள் திருப்பூர், கரூர் மாவட்ட விவசாயிகள். பங்கீடு குறித்து நீதிமன்றங்களில் வாதிட்ட அளவுக்கு, அந்த நீர் பிறக்கும் மேட்டுநிலத்தின் நலன் குறித்து இரு மாநிலங்களும் பேசியதில்லை.

மலை நீரைத் தேக்கும் விதம்

மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த பகுதிகளில் பள்ளத்தாக்கு மடிப்புகளில் சோலைக்காடும், திறந்த சரிவுகளில் புல்வெளியும் இணைந்து காணப்படும். புல்வெளியின் தாழ்வான பகுதிகளில் ஆண்டு முழுவதும் ஈரம் வடியாத சதுப்புகள் உண்டு. நீர் தேங்கி நிற்பதால் அங்கு மடியும் புல்லும் வேரும் முழுவதும் மட்குவதில்லை. அடுக்கடுக்காகப் படிந்து 'பீட்' எனப்படும் கருமண்ணாகின்றன. மழைக்காலத்தில் நீரை உறிஞ்சி, கோடையில் சிறிது சிறிதாகக் கசியவிடும் பஞ்சு இது.

பிரிட்டனிலும் அயர்லாந்திலும் உள்ளதுபோல் விரிந்த பீட் பரப்புகள் தென்னிந்தியாவில் இல்லை. ஆனால், இருப்பவை மிகத் தொன்மையானவை. நீலகிரியின் பீட் படிவுகளை ஆராய்ந்து, கடந்த சுமார் 20 ஆயிரம் ஆண்டுகளின் பருவநிலை மாற்றங்களை ஆர்.சுகுமார் உள்ளிட்ட விஞ்ஞானிகள் 1993-ல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். புல்வெளி என்பது காட்டை அழித்ததால் உண்டான தரிசு என்ற பழைய எண்ணத்தை அந்த ஆய்வு அசைத்தது. மனிதன் கோடரி எடுப்பதற்கு வெகுகாலம் முன்பே அங்கு புல் இருந்தது.

புல்வெளியில் மரம் வளர்த்தால் நீருக்கு என்ன நேரும் என்பதற்கும் நீலகிரியிலேயே விடை உள்ளது. உதகை அருகே கிளென்மார்கனில் மத்திய மண்வள ஆராய்ச்சி நிறுவனம் இரு நீர்ப்பிடிப்புகளைப் பல ஆண்டுகள் ஒப்பிட்டு ஆராய்ந்தது. ஒன்றைப் புல்வெளியாகவே விட்டு, மற்றொன்றில் யூகலிப்டஸ் நடப்பட்டது. முதல் சுழற்சியில் ஓடை நீர் சுமார் 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய அடிமரங்களிலிருந்து துளிர்த்து வளர்ந்த இரண்டாம் சுழற்சியில் இழப்பு சுமார் 25 சதவீதமாக உயர்ந்தது.

புல்வெளியில் மரம் வந்த கதை

பிரிட்டிஷ் ஆட்சியில் விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்குமாக இம்மலைகளுக்கு வந்தவை யூகலிப்டஸும் வாட்டிலும். சுதந்திரத்துக்குப் பின்னர் காகிதக்கூழ், செயற்கை இழை ஆலைகளின் தேவைக்காக இத்தோட்டங்களை அரசே விரிவுபடுத்தியது. வட்டவடையை ஒட்டியுள்ள பழனி மலையில் 40 ஆண்டுகளில் புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதாக, செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு 2018-ல் வெளியான ஆய்வு காட்டியது.

வட்டவடையில் வாழ்வோரில் பெரும்பாலோர் தமிழ் பேசும் விவசாயிகளும் முதுவர் பழங்குடியினரும் ஆவர். பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், முட்டைக்கோஸ் ஆகியவை இங்கு முக்கியப் பயிர்கள். காந்தளூர் - வட்டவடை பூண்டு 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. இத்தகைய ஊரில் 'கிராண்டிஸ்' என்று மக்கள் அழைக்கும் யூகலிப்டஸ் எப்படிப் பரவியது? காட்டெருமையும் காட்டுப்பன்றியும் அதைத் தின்பதில்லை. தினமும் ஆள் வைத்துப் பார்க்க வேண்டியதில்லை. வெட்டினால் மொத்தமாகப் பணம் வரும். வெளியூரில் வசிக்கும் நில உடைமையாளருக்கு இதைவிட வசதியான பயிர் இல்லை. அருகில் காய்கறி பயிரிடும் சிறு விவசாயியின் ஊற்று வற்றுவது அவரது கணக்கில் வருவதில்லை.

அறிவிக்கையும் அச்சமும்

1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, சரணாலயம் அமைக்கும் எண்ணத்தை அரசு அறிவித்ததும் அந்நிலத்தில் புதிய உரிமைகள் ஏற்படத் தடை வந்துவிடும். பின்னர் ஆட்சியர் ஒவ்வோர் உரிமைக் கோரிக்கையையும் விசாரிக்க வேண்டும். நிலத்தைச் சரணாலயத்திலிருந்து விலக்கலாம். இழப்பீடு தந்து எடுக்கலாம். தலைமை வன உயிரினக் காப்பாளருடன் கலந்து, உரிமை தொடர அனுமதிக்கவும் செய்யலாம். மூன்றாவதாக உள்ள இந்த வழியைச் சட்டத்தின் 24-ஆவது பிரிவே திறந்து வைத்துள்ளது.

குறிஞ்சிமலையில் விசாரணை தொடங்கும் இடத்திலேயே இடறியது. உண்மையான குடியேற்ற விவசாயியின் பட்டாவும், முறைகேடாகப் பெறப்பட்டதாகக் குற்றம்சாட்டப்பட்ட பட்டாக்களும் ஒரே பதிவேட்டில் கலந்து கிடந்தன. 2017 நவம்பரில் கொட்டக்கம்பூரில் சில பட்டாக்களை தேவிகுளம் சார் ஆட்சியர் ரத்து செய்ததும் அது மாநில அரசியல் புயலாக மாறியது. சரணாலயத்தின் பரப்பைக் குறைக்க முயற்சி நடப்பதாக ஒரு தரப்பும், விவசாயிகளை வெளியேற்றச் சதி நடப்பதாக மறுதரப்பும் குற்றம்சாட்டின. இவற்றுக்கிடையே புல்வெளி யாருடைய பேச்சிலும் இல்லை.

இந்த அவநம்பிக்கைக்குப் பின்னணி உண்டு. மாதவ் காட்கில் குழுவின் அறிக்கை 2011-லும், கஸ்தூரிரங்கன் குழுவின் அறிக்கை 2013-லும் வந்தபோது இடுக்கியில் கடையடைப்புகளும் போராட்டங்களும் நடந்தன. சூழல் முக்கியத்துவம் வாய்ந்த பகுதி குறித்த வரைவு அறிவிக்கையை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் முதலில் 2014-லும், ஆறாவது முறையாக 2024 ஜூலை 31-லும் வெளியிட்டது. ஒவ்வொரு வரைவும் மலைவாழ் விவசாயிக்கு ஒரே செய்தியையே கொண்டு சென்றது: தன் நிலத்தின் விதி தில்லியிலும் திருவனந்தபுரத்திலும் எழுதப்படுகிறது.

நடந்து காட்டிய இடங்கள்

ஒத்துழைப்பால் மலைநிலம் மீண்டதற்கும் நிலைத்ததற்கும் எடுத்துக்காட்டுகள் அருகிலேயே உள்ளன. கண்ணன் தேவன் குன்றுகளில் தேயிலை நிறுவனம் பயிரிடாத நிலத்தை 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கேரள அரசு மீட்டது. அதில் ஒரு பகுதியே 1978-ல் 97 சதுர கி.மீ. பரப்புள்ள இரவிகுளம் தேசியப் பூங்காவானது. தோட்டத் துரைமார்களின் வேட்டைச் சங்கம் முதுவர் காவலர்களைக் கொண்டு பல பத்தாண்டுகள் பாதுகாத்திருந்ததால்தான் அங்கு வரையாடும் புல்வெளியும் எஞ்சியிருந்தன.

வட்டவடை அருகே ஆனமுடிச் சோலை தேசியப் பூங்காவைச் சேர்ந்த பழத்தோட்டத்தில், வாட்டில் நின்ற சரிவுகளில் உள்நாட்டுப் புல்வகைகளை வனத்துறை மீண்டும் வளர்த்துள்ளது. நாற்றங்கால் அமைத்ததும் புல் நட்டதும் 'ஹரித வசந்தம்' என்ற உள்ளூர் மக்கள் குழு. வாட்டில் விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உறங்கி, தீப்பட்டதும் முளைக்கும். எனவே, மரத்தை வெட்டுவதோடு வேலை முடிவதில்லை. ஆண்டுதோறும் நாற்றுகளைப் பிடுங்க ஆள் வேண்டும். அந்தக் கூலியே ஊருக்கு வருவாயாகிறது. எனினும், அது அரசு நிலம். பட்டா கேள்வி அங்கு எழவில்லை.

தனியார் நிலத்துக்கு வால்பாறை முன்னுதாரணம். பாரி அக்ரோ, டாடா காபி போன்ற தோட்ட நிறுவனங்களுக்கு உள்பட்ட சிதைந்த மழைக்காட்டுத் துண்டுகளை, அந்நிறுவனங்களின் இசைவோடு இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை 2000-களின் தொடக்கம் முதல் சீரமைத்து வந்தது. நிலம் கைமாறவில்லை; ஒப்பந்தம் மட்டுமே மாறியது.

பீட் நிலத்தையே மீட்ட அனுபவம் இங்கிலாந்தில் உள்ளது. வடமேற்கு இங்கிலாந்தின் யுனைடெட் யுடிலிடீஸ் குடிநீர் நிறுவனம், தனது நீர்ப்பிடிப்பில் சுமார் 20 ஆயிரம் ஹெக்டேர் நிலத்தில் 2005 முதல் 2010 வரை பறவைகள் பாதுகாப்புச் சங்கத்துடன் இணைந்து பணியாற்றியது. பீட் நிலத்தை வடியவைக்க முன்னர் வெட்டிய கால்வாய்கள் அடைக்கப்பட்டன. ஆடு மேய்க்கும் குத்தகை விவசாயிகள் வெளியேற்றப்படவில்லை. மேய்ச்சலைக் குறைக்கும் ஏற்பாட்டில் அவர்களும் பங்காளிகளாயினர். செலவில் ஒரு பங்கு குடிநீர்க் கட்டணத்திலிருந்து வந்தது. கீழே நீர் குடிப்பவர் மேலே நீர் காப்பவருக்குப் பணம் தரும் இந்த ஏற்பாடு பாம்பாறு - அமராவதி படுகையில் இல்லை.

தில்லியின் அளவுகோல்

இந்தியாவில் சட்ட வழி இல்லாமல் இல்லை. வன உயிரினச் சட்டத்தில் 2002-ல் சேர்க்கப்பட்ட 36-சி பிரிவின்படி, சரணாலயத்துக்கு வெளியே உள்ள தனியார் நிலத்தை உரிமையாளரின் விருப்பத்தோடு சமுதாயக் காப்பகமாக அறிவிக்கலாம். கேரளத்தின் கடலுண்டி - வள்ளிக்குன்னு 2007-ல் அவ்வாறே அறிவிக்கப்பட்டது. அதன் பிறகு நிலப் பயன்பாட்டை மாற்ற நிர்வாகக் குழுவின் தீர்மானமும் அரசின் ஒப்புதலும் வேண்டும். நிரந்தரமான இந்தக் கட்டுப்பாட்டுக்கு ஈடான நிரந்தர வருவாயைச் சட்டம் உறுதி செய்யவில்லை.

வருவாய்க்கு வழியாக மத்திய அரசு முன்வைத்தது 'கிரீன் கிரெடிட்' எனப்படும் பசுமை வரவுத் திட்டம். 2024 பிப்ரவரியில் வெளியான விதிகள் ஹெக்டேருக்குக் குறைந்தது 1,100 மரங்கள் என்று கணக்கிட்டன. சூழலியலாளர்களின் எதிர்ப்புக்குப் பின்னர் 2025 ஆகஸ்டில் அவை திருத்தப்பட்டன. ஐந்தாண்டுகளுக்குப் பிறகு குறைந்தது 40 சதவீத மர அடர்த்தி இருக்க வேண்டும் என்பது புதிய நிபந்தனை. வனத்துறை நிலத்துக்கான விதி இது என்றாலும் அரசின் மனப்போக்கை இது காட்டுகிறது. இந்த அளவுகோலில் யூகலிப்டஸ் தோப்பு தேறும். அதை அகற்றி மீட்கப்பட்ட புல்வெளி தோற்கும். நீரின் அளவும் சதுப்பின் கரிமமும் கணக்கிலேயே வருவதில்லை.

கிராண்டிஸை அகற்று என்று வட்டவடை விவசாயிக்கு உத்தரவிடுவது எளிது. மரத்தை வெட்டிய மறுநாள் அந்த நிலம் யாருடையது, அதில் அவர் எதை உண்டு வாழ்வார் என்ற இரு கேள்விகளுக்கும் எழுத்துபூர்வமான விடை இல்லாதவரை மரம் நிற்கும். அல்லது வெட்டிய இடத்தில் மீண்டும் துளிர்க்கும். பட்டா விசாரணையை முடித்து, உண்மையான விவசாயியையும் ஆக்கிரமிப்பாளரையும் பிரித்துக் காட்ட வேண்டியது கேரள அரசின் கடமை. புல்லையும் நீரையும் மரத்துக்கு இணையாக மதிக்கும் கணக்கை உருவாக்க வேண்டியது மத்திய அரசின் கடமை. அமராவதி பாசனத்தின் சார்பில் அதில் பங்கேற்பது தமிழகத்தின் பொறுப்பு. 2030-ல் குறிஞ்சி பூக்கும்போது சுற்றுலாப் பயணிகள் பூக்களை எண்ணுவர். கீழே உள்ள விவசாயிகளுக்குத் தேவை கோடையில் ஓடும் ஓடைகளின் கணக்கு.