ஓசையைக் கேட்டு ஆடும் கிரிக்கெட்

கிரிக்கெட் பார்க்கப் போனால் நாம் என்ன செய்வோம்? பவுண்டரிக்குப் பந்து பறந்தால் கூச்சல் போடுவோம். விக்கெட் விழுந்தால் விசில் அடிப்போம். ஆனால் பந்து ஓடும்போது ரசிகர்கள் மூச்சுக் காட்டக் கூடாத கிரிக்கெட்டும் ஒன்று உண்டு. அதுதான் பார்வையற்றோர் கிரிக்கெட்.

இதைத் தொடங்கியவர்கள் விஞ்ஞானிகள் அல்லர். நம்மைப் போன்ற தொழிலாளர்கள். 1922-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில், பார்வையற்ற ஆலைத் தொழிலாளர்கள் இருவர் தகர டப்பாவுக்குள் கற்களைப் போட்டு, அந்தச் சத்தத்தைக் கேட்டு ஆடினார்களாம். இன்று சர்வதேசப் போட்டிகளில் டப்பாவுக்குப் பதில் கெட்டியான வெள்ளைப் பிளாஸ்டிக் பந்து. அதன் உள்ளே, சைக்கிள் கடையில் நாம் பார்க்கும் பால்ரஸ் குண்டுகள்! பந்து உருண்டால் கலகலவென்று ஒலிக்கும்.

அந்த ஓசைக்கு ஏற்ப ஆட்ட விதிகளையும் அமைத்திருக்கிறார்கள். பந்தைக் கை தாழ்த்தித்தான் வீச வேண்டும். பிட்சின் பாதியைத் தாண்டுமுன் அது தரையில் பட்டாக வேண்டும். வீசுபவர் "ரெடியா?" என்று கேட்பார். மட்டை பிடித்தவர் பதில் சொன்ன பிறகே, "ப்ளே" என்று குரல் கொடுத்துப் பந்தை விடுவார். 11 பேரில் 4 பேராவது முழுப் பார்வையற்றவர்களாக இருக்க வேண்டும். அவர்கள் எடுக்கும் ஒவ்வொரு ரன்னும் இரண்டாகக் கணக்காகும். மற்றவர்கள் ஓரளவு பார்வை உள்ளவர்கள்.

இதன் முதல் உலகக் கோப்பை 1998-ல் டெல்லியில் நடந்தது, தென்னாப்பிரிக்கா வென்றது. முதல் இருபது ஓவர் உலகக் கோப்பையோ 2012-ல் நம் பெங்களூரிலேயே நடந்தது. இறுதி ஆட்டத்தில் இந்தியா பாகிஸ்தானை வீழ்த்தியது. அணித் தலைவர் சேகர் நாயக், கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்துக்காரர். 2017-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2025-ல் பெண்களுக்கும் முதன்முறையாக உலகக் கோப்பை நடந்தபோது அதையும் இந்தியாவே வென்றது.

இத்தனைக்கும் ஆதாரம், பந்துக்குள் கிடக்கும் சில பால்ரஸ் குண்டுகள்தான். ஆனால் அந்த ஓசை காதில் விழாவிட்டால் பந்து இருந்தும் இல்லாதது போலத்தான். இரவு ஆட்டத்தில் திடீரென்று விளக்கு அணைந்தால் நாம் எப்படித் திகைப்போமோ, நம் கூச்சலால் அவர்களும் அப்படியே திகைப்பார்கள்.

எனவே, பக்கத்து மைதானத்தில் இப்படி ஓர் ஆட்டம் நடந்தால் அவசியம் போய்ப் பாருங்கள். தாராளமாகக் கை தட்டுங்கள். ஆனால் பந்து நின்ற பிறகு! அவர்களுக்கு நம் அனுதாபம் தேவையில்லை. அந்தச் சில விநாடி அமைதி போதும்.