குவார்ட்டர் கொடுக்கும் தூக்கம் பாதி ராத்திரி வரைதான்!
விடிய விடியப் புரளும் ‘குடிமகன்’கள், காலையில் ஆட்டோ ஓட்டினாலும் ஆபத்து

சென்னை நகரில் இரவு 10 மணிக்கு டாஸ்மாக் கடைகளின் ஷட்டர் இறங்குகிறது. அதற்கு அரை மணி முன்னால் கூட்டம் முண்டியடிக்கும். ‘எதுக்குய்யா குடிக்கிறே?’ என்று கேட்டால் பலர் சொல்லும் பதில் ஒன்றுதான்:

“இன்னா சார் பண்றது, ஒரு கட்டிங் வுட்டாத்தான் கண்ணு சொக்குது!”

கண் சொக்குவது நிஜம். ஆனால் அது தூக்கம் இல்லை. பாதி ராத்திரியிலேயே அது ஆளை எழுப்பி உட்கார வைத்துவிடும்!

படுத்ததும் குறட்டை

ஒரு ஆட்டோ டிரைவர் கதையைப் பாருங்கள். நாள் முழுக்க வெயில், புகை, சவாரி. இரவு ஒன்பதரைக்கு ஒரு குவார்ட்டரைக் காலி செய்கிறார். வீட்டுக்கு வந்து பாயில் விழுந்ததும் குறட்டை. “மனுஷன் நல்லாத் தூங்கறாரு” என்று மனைவியும் விளக்கை அணைக்கிறார்.

மணி 2 ஆகிறது. டிரைவர் திடுக்கென்று எழுந்து உட்காருகிறார். நெஞ்சு படபடக்கிறது. உடம்பெல்லாம் வியர்வை. நாக்கு வறண்டு கிடக்கிறது. ஒரு சொம்புத் தண்ணீர். இரண்டு தடவை பாத்ரூம். அப்புறம் விடிகிறவரை புரளல்தான்!

காரணம் என்ன?

மது முதலில் மூளையை அமுக்குகிறது. அதனால் சீக்கிரம் கண் மூடுகிறது. ஈரல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக எரிக்க எரிக்க, அமுக்கிய பிடி விடுகிறது. அமுங்கிக் கிடந்த மூளை ஸ்பிரிங் மாதிரி துள்ளி எழுகிறது. அதுதான் நடுராத்திரி விழிப்பு!

முன்னிரவில் கனவுத் தூக்கம் குறைந்துபோகிறது. மனசு அமைதியாக அந்தத் தூக்கம் தேவை. பின்னிரவில் அது மொத்தமாகத் திரும்பி வரும்போது கெட்ட கனவுகளும் சேர்ந்து வருகின்றன.

சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனையும் மது குறைத்துவிடுகிறது. பாத்ரூம் ஓட்டத்துக்கும் தாகத்துக்கும் அதுதான் காரணம்.

தொண்டைத் தசைகளும் தளர்ந்துவிடும். குறட்டை கூடும். சிலருக்குத் தூக்கத்திலேயே மூச்சு நின்று நின்று வரும். பக்கத்தில் படுத்திருப்பவர் அதைக் ‘கும்பகர்ணத் தூக்கம்’ என்று நினைத்துக்கொள்வார். அது ஆபத்து!

குவார்ட்டர் கணக்கு

ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. பாட்டிலில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். அப்படியானால் உள்ளே போகும் ஆல்கஹால் சுமார் 60 கிராம். ஈரல் ஒரு மணி நேரத்தில் 7 முதல் 10 கிராம் வரைதான் எரிக்கும்.

கணக்குப் போட்டால், முழுசாக இறங்க 6 முதல் 9 மணி நேரம் ஆகும். ஒன்பதரைக்குக் குடித்தவர் விடியற்காலை 4 மணிக்குக் கோயம்பேடு மார்க்கெட் சவாரிக்கு வண்டி எடுத்தால், தூக்கமும் இல்லை. போதையும் முழுசாக இறங்காமல் இருக்கலாம்!

100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவின்படி குற்றம். 2019-ல் செய்த திருத்தத்தின்படி முதல் தடவைக்கே ரூ.10 ஆயிரம் அபராதம், 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும்! “ராத்திரி குடிச்சது சார், தூங்கி எழுந்துட்டேன்” என்ற சமாதானம் ஊதிப் பார்க்கும் மெஷினுக்குத் தெரியாது. கட்டங்காபி, மோர், தலைக்குத் தண்ணீர் – எதுவும் போதையைச் சீக்கிரம் இறக்காது.

கட்டிங் குவார்ட்டராகும்

சில நாட்களிலேயே மூளை பழகிவிடும். பழைய அளவுக்குக் கண் சொக்காது. கட்டிங் குவார்ட்டராகும். குவார்ட்டர் ஆஃப் ஆகும். தூக்கத்துக்காக ஆரம்பித்தவர், குடியால் தூக்கத்தைத் தொலைத்து, தொலைத்த தூக்கத்துக்காக மறுபடி குடிக்கிறார்!

சிலர் மேலே ஒரு தூக்க மாத்திரையும் போடுகிறார்கள். இது உயிரோடு விளையாட்டு. இரண்டும் சேர்ந்தால் மூச்சே அடங்கிப்போகலாம்.

என்ன வழி?

குடிக்காமல் இருப்பதே நல்லது. குடிப்பவர்களும் படுக்கைக்குப் பல மணி நேரம் முன்பே, குறைவாக நிறுத்திக்கொள்ள வேண்டும். ‘தூக்கத்துக்கு’ என்று குடிப்பதை விட்டுவிட வேண்டும்.

தினமும் நிறையக் குடிப்பவர்கள் வீட்டிலேயே திடீரென்று நிறுத்தக் கூடாது. கை நடுக்கம், வலிப்பு, இல்லாதது கண்ணில் தெரிவது என்று உயிருக்கே ஆபத்து வரலாம். முதலில் அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் டாக்டரைப் பார்ப்பதே பாதுகாப்பு.

நிறுத்திய புதிதில் தூக்கம் வராது. பலர் சறுக்கி விழுவது அந்த இடத்தில்தான். “நாலு நாளாத் தூங்கல, இன்னிக்கு மட்டும்” என்று மறுபடி கடைக்குப் போய்விடுகிறார்கள். பொறுத்துக்கொண்டால், வாரங்கள் போகப் போகத் தூக்கம் தானாகத் திரும்பும்.

அன்றைக்கு அந்த டிரைவர் 2 மணிக்கு எழுந்து உட்கார மாட்டார். பக்கத்தில் மனைவியும் நிம்மதியாகத் தூங்குவார்!