வண்டுகொல்லி இலையும் ‘கிருமி’ என்ற சொல்லும்

ரந்தாவ், லாபு, பகாவ் பக்கத் தோட்டங்களில் பழைய லயத்து ஓரங்களில் ஒரு செடியைப் பார்த்திருப்பீர்கள். மஞ்சள் பூ மெழுகுவர்த்தி மாதிரி நிமிர்ந்து நிற்கும். மலாய்க்காரர்கள் கெலெங்காங் என்பார்கள். நமக்கு வண்டுகொல்லி, சீமை அகத்தி. படர்தாமரை வந்தால் இலையை எலுமிச்சைச் சாறு விட்டு அரைச்சுப் பூசு என்பது பாட்டிமார் வைத்தியம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடிதான். ஆனாலும் தாய்லாந்து, மலாய், தமிழ் வைத்தியம் மூன்றும் இதே இலையை இதே நோய்க்குப் பயன்படுத்துகின்றன.

மாணவர்களை மூலிகை பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால், “மூலிகை எல்லாக் கிருமிகளையும் கொல்லும்” என்ற வரி எப்படியும் வந்துவிடுகிறது. பாக்டீரியா, பூஞ்சை, வைரஸ் மூன்றையும் நாம் ‘கிருமி’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவதுதான் சிக்கல்.

படர்தாமரை பூஞ்சையால் வருவது. (ஆங்கிலப் பெயரில் புழு இருக்கிறது, நோயில் புழு கிடையாது.) பால்மரம் வெட்டி, வியர்வையில் நனைந்த துணியோடு நிற்பவர்களுக்கு இடுப்பிலும் தொடையிடுக்கிலும் சுலபமாக வரும். இந்தப் பூஞ்சை தோலின் மேல்பக்கச் செத்த அடுக்கில், கெரட்டின் என்ற புரதத்தைத் தின்று வாழ்கிறது. இலையில் ரெயின் முதலிய அந்த்ராகுவினோன் சேர்மங்கள் உண்டு. இலைச்சாறு இவ்வகைப் பூஞ்சையின் வளர்ச்சியைத் தடுப்பதை ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. பூஞ்சை மேலேயே இருப்பதால், பூசிய சாறு அதைத் தொடுகிறது. பாட்டிக்கு இவ்வளவு மதிப்பெண் தாராளமாகக் கொடுக்கலாம்.

அதே பூஞ்சை பிள்ளையின் தலையில் வந்தால் கதை வேறு. மயிர்க்காலுக்குள் இறங்கிவிடும், பூச்சு எட்டாது, மருத்துவர் தரும் மாத்திரைதான் வேண்டும். சரி, இலையைக் குடித்தால்? பேதிதான் ஆகும். தாய்லாந்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இந்த இலை மலமிளக்கியாகவே இருக்கிறது.

இதைவிடப் பெரிய ஆபத்து டிங்கியில். அது வைரஸ். ஏதோ ஓர் இலைச்சாறைக் கொடுக்கிறார்கள், காய்ச்சலும் இறங்குகிறது. “பார்த்தியா, கிருமி செத்துடுச்சு” என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆனால் டிங்கியில் காய்ச்சல் இறங்கும் அந்த ஓரிரு நாள்தான் உயிருக்கே ஆபத்தான நேரம். மருத்துவமனையில் இருக்க வேண்டிய நேரம்.

அந்தக் கட்டுரை வரியைச் சும்மா சிவப்பு மையால் அடிப்பதில்லை. எந்தக் கிருமி, உடம்பில் எங்கே இருக்கிறது, மருந்து அங்கே போய்ச் சேருமா என்று ஓரத்தில் எழுதிக் கொடுக்கிறேன். திருத்தி வரும்போது பெரும்பாலும் இப்படி இருக்கும்: “வண்டுகொல்லி இலைச்சாறு தோலின் மேல் வளரும் சில பூஞ்சைகளைத் தடுக்கிறது.”