பெயிண்ட் அடிக்கும் முன் போய்ப் பாருங்கள்

ஃபைபர் படகில் உள்ள சிக்கலே, அது எப்போதும் பார்க்க நன்றாக இருப்பதுதான். மரப் படகில் பலகை உளுத்தால் தெரியும், மூட்டு விட்டால் தெரியும், ஆணி துருப்பிடித்தால் கறை இறங்கும். ஃபைபரில் உள்ளே மூன்று அடுக்கு இருந்தாலும் ஆறு அடுக்கு இருந்தாலும் வெளியே ஒரே வழவழப்பு, ஒரே நீலம். பணத்தைக் கட்டி, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, கடலில் தள்ளி, ஒரு மழைக்காலம் கழிந்த பிறகுதான் அடிப்பக்கத்தில் விரிசல் ஓடியிருப்பது கண்ணில் படும். பட்டறைக்குப் போய்ச் சொன்னால், "கரையில போட்டு இழுத்திருப்பீங்க தம்பி, அதுக்கு நாங்க என்ன பண்றது?" என்பார்கள். அதை மறுத்துப் பேச நம் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது.

தமிழகக் கடற்கரையில் ஃபைபர் ஊர் ஊராகப் பரவியது 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு. கட்டுமரங்களையும் வள்ளங்களையும் கடல் கொண்டுபோன இடங்களில் அரசும் தொண்டு நிறுவனங்களும் ஃபைபர் படகுகளைக் கொடுத்தன. தேவையும் பெரிது, அவசரமும் பெரிது. புதுப்புதுப் பட்டறைகள் முளைத்தன. அந்த அவசரத்தில் கட்டிய படகுகள் பலவற்றின் தரம் பற்றிப் பின்னால் புகார்கள் எழுந்தன.

படகு மாறியதோடு இன்னொன்றும் மாறியது. அதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. கட்டுமரத்தின் மேல் அலை ஏறிப் போனாலும் அது மூழ்காது. கவிழ்ந்தாலும் நிமிர்த்தி ஏறிக்கொள்ளலாம். கண்ணாடியிழையும் ரெசினும் சேர்ந்த தகடோ தண்ணீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனமானது. ஃபைபர் படகு மிதப்பது அதன் வடிவத்தால்தான். தண்ணீர் நிரம்பினால் இன்ஜினையும் இழுத்துக்கொண்டு கீழே போய்விடும். 'நம்ம படகு முழுகாது' என்ற பழைய நம்பிக்கையை ஃபைபரில் தனியாகக் கேட்டு, காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

முதலில் கவிழ்வதைப் பார்ப்போம். ஒரு சிறு படகு நிலையாக நிற்குமா என்பது பெரும்பாலும் அச்சு செய்யும் போதே முடிவாகிவிடுகிறது. இதில் முதன்மையானது அகலம். அதுவும் மேல்விளிம்பின் அகலம் அல்ல, தண்ணீர் மட்டத்தில் உள்ள அகலம். சாய்ந்த படகை நிமிர்த்த அதன் வடிவம் தரும் வலு, இந்த அகலத்தை மூன்று முறை எழுதிப் பெருக்கினால் வரும் எண்ணுக்கு ஏற்ப வளர்கிறது. நீளமும் எடையும் மாறாமல் 3 அடி அகலத்தை மூன்றரை அடி ஆக்கினால் அந்த வலு ஏறத்தாழ 59 சதவீதம் கூடும். அரை அடியில் இவ்வளவு வித்தியாசம். இந்தக் கணக்கு ஒன்றும் புதிதல்ல. பிரான்ஸ் நாட்டுக் கணித அறிஞர் பியேர் பூகே 1746-லேயே எழுதிவைத்தது. ஆனால் விற்கும்போது டேப் பிடித்துக் காட்டுவது எப்போதும் மேல்விளிம்பைத்தான். பக்கங்கள் வெளிப்பக்கமாக விரிந்த படகு மேலே நாலடி இருக்கும், தண்ணீரில் இரண்டே முக்கால்தான் இருக்கும். தண்ணீர் மட்டத்தில் எவ்வளவு என்று கேளுங்கள்.

அடிப்பாகத்தின் வடிவமும் ஏமாற்றக்கூடியது. தட்டையான அடி அமைதியான காயலில் மேசை மாதிரி நிற்கும். வாங்க வந்தவருக்கு உடனே பிடித்துப்போகும். அலையில் அதே படகு அலையின் சரிவோடு சேர்ந்து தானும் சரியும். சற்றே உருண்ட அடி, காலை வைத்ததும் ஆடும். ஆனால் பக்கங்கள் நன்றாக அமைந்திருந்தால் சாயச் சாய எதிர்த்து நிற்கும். கழிமுகத்தில் வலை போடுபவருக்கும் அலை உடைத்துப் போகிறவருக்கும் ஒரே அச்சில் படகு ஊற்றிக் கொடுப்பது தவறு என்பது என் கருத்து. அச்சு ஒன்றுக்கு மேல் செய்யச் செலவாகும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

மீதியைக் கெடுப்பது பெரும்பாலும் வாங்கியவர்தான். எடை மேலே ஏற ஏற நிலை குறையும். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் கவிழ்ந்த 'ஜலகன்யகா' இரண்டு தளம் கொண்ட ஃபைபர் சுற்றுலாப் படகு. விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டார்கள். 45 பேர் இறந்தார்கள். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் 22 பேரைப் பலிவாங்கியது, மீன்பிடிப் படகாக இருந்ததைச் சுற்றுலாவுக்கு மாற்றியமைத்த படகு. மேல்தளம், கூரை, பெரிய இன்ஜின் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கும்போது, கட்டியவர் போட்ட கணக்கு அங்கேயே செல்லாததாகிவிடுகிறது. சட்டமும் இதைக் கவனிக்கிறது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பணத்தின் கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். இடுப்பளவு அமைதியான தண்ணீரில் படகைக் கட்டிவையுங்கள். உள்ளே யாரும் இருக்க வேண்டாம். எத்தனை பேர் ஏறலாம் என்று பட்டறைக்காரர் சொல்கிறாரோ, ஆளுக்கு 75 கிலோ வீதம் மணல்மூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மூட்டைகளைத் தளத்தில் போட்டால் சோதனை சுலபமாகத் தேறிவிடும்; உட்காரும் பலகை மேல் வையுங்கள். பிறகு ஒவ்வொன்றாக ஒரே ஓரத்துக்கு நகர்த்துங்கள். எல்லா மூட்டையும் ஓரத்துக்குப் போன பிறகும் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே தாராளமான இடைவெளி இருக்க வேண்டும். அதற்கு முன்பே தண்ணீர் உள்ளே ஏறினால், அந்த ஆள் கணக்கு பொய்.

அடுத்தது மூழ்குவது. சுமார் 150 கிலோ எடையுள்ள சிறு ஃபைபர் படகின் உடல், தண்ணீருக்குள் 50 கிலோ போலத்தான் கனக்கும். அதோடு ஒரு சிறு அவுட்போர்டு இன்ஜினைச் சேர்த்தால் 80 கிலோ வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றடைத்த நுரை ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோவைத் தாங்கும். ஆக, படகு மூழ்காமல் இருக்க மட்டுமே 80 லிட்டர் வேண்டும். பற்றிக்கொள்ளும் ஆட்களையும் தாங்க அதைப்போல இன்னொரு பங்கு வைப்பது புத்திசாலித்தனம். நுரை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். பக்கங்களில் மேல்விளிம்புக்கு அடியில் இருந்தால், நிரம்பிய படகு நிமிர்ந்தே மிதக்கும். அடித்தளத்தில் அடைத்திருந்தால் நுரை மேலே வரப் பார்க்கும். படகு குப்புறப் புரளும்.

சில பட்டறைகளில் விலை குறைவு என்று தெர்மாகோலை அடைத்துவிடுவார்கள். அதன்மேல் பாலியஸ்டர் ரெசினை நேரடியாகப் பூசினால் தெர்மாகோல் கரைந்து குழிவிழும். ரெசினில் உள்ள ஸ்டைரீனின் வேலை அது. பெட்ரோல் கசிந்தாலும் அப்படித்தான். மேலே மூடி ஒட்டிவிட்டால் உள்ளே நுரை இருக்கிறதா, வெறும் பள்ளம் இருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்? அதனால் மூடி ஒட்டுகிற நாளன்று அங்கே இருங்கள், கைபேசியில் படம் எடுங்கள்.

இனி தகடு. அச்சில் முதலில் ஜெல்கோட் என்ற மேற்பூச்சு, அதன்மேல் மேட் என்ற கண்ணாடியிழை விரிப்பு, இடையிடையே ரோவிங் என்ற கண்ணாடியிழைத் துணி, ஒவ்வொன்றுக்கும் ரெசின், உருளையால் காற்றுக்குமிழியை ஓட்டுவது என்று வேலை நடக்கிறது. சதுர மீட்டருக்கு 450 கிராம் மேட் ஒரு அடுக்கு போட்டால் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் கனம் வரும். இந்த ஒரு கணக்கு போதும். 5 மில்லிமீட்டர் என்று சொல்லி மூன்று அடுக்கோடு நிறுத்துவதைப் பிடித்துவிடலாம். கனத்தை அளந்தால் மட்டும் போதாது. விலை அதிகமான மேட்டைக் குறைத்து, ரெசினில் சுண்ணாம்புத்தூளோ டால்க்கோ கலந்து கனத்தைக் கூட்டிவிடலாம். அளந்தால் 5 மில்லிமீட்டர் இருக்கும். அடி விழுந்தால் பிளக்கும். நல்ல மேட் தகட்டின் எடையில் கண்ணாடி சுமார் 30 சதவீதம் இருக்க வேண்டும்.

இதை மெய்ப்பிக்க ஒரு வழி இருக்கிறது, செலவும் இல்லாதது. அச்சிலிருந்து எடுத்ததும் மேல்விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறை அறுத்து எறிவார்கள். தண்ணீர் வடியும் துளை போடும்போது ஒரு வட்டத் துண்டு விழும். இரண்டையும் கேட்டு வாங்குங்கள். அடியிலிருந்து வந்த வட்டத் துண்டுதான் அதிக மதிப்புள்ளது. அதில் தேதி எழுதி, பட்டறைக்காரரையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். ஆய்வகத்தில் துண்டை எடைபோட்டு, ரெசினை எரித்துவிட்டு, மிஞ்சும் கண்ணாடியை எடைபோடுவார்கள். அடுக்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணவும் முடியும். கலந்த தூள் இருந்தால் தனியாக உதிரும். வீட்டில் எரித்துப் பார்க்க வேண்டாம், புகை நச்சு.

பட்டறையில் நிற்கும்போது அங்கே வேலை செய்யும் பிள்ளைகளையும் கொஞ்சம் பாருங்கள். மூக்கில் ஏறும் அந்த வாசனை ஸ்டைரீன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2018-இல் அதை ஒரு படி மேலே, 'புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பு அதிகம்' என்ற பட்டியலுக்கு ஏற்றியது. ஹார்டனர் என்று அங்கே சொல்லும் திரவம் கண்ணில் தெறித்தால் பார்வை போகலாம். உடனே கால் மணி நேரமாவது ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ஹார்டனரையும், ரெசின் சீக்கிரம் இறுகச் சேர்க்கும் கோபால்ட்டையும் நேரடியாகக் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே மற்றதை ஊற்ற வேண்டும். முகமூடி, கையுறை, கண்ணாடி வாங்கித் தருவது முதலாளியின் பொறுப்பு. வேலையிடத்து விபத்துக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்பது 1923 முதல் இந்த நாட்டுச் சட்டம். தினக்கூலி என்பதால் அது இல்லாமல் போகாது.

சரி, இவ்வளவுக்குப் பிறகும் படகு கெட்டுவிட்டது. என்ன செய்யலாம்?

பெரும்பாலான மீனவர்கள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதில்லை. 'தொழிலுக்கு வாங்கியது, வழக்கு நிற்காது' என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அது பாதி உண்மை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்கு வாங்கியவரை விலக்குகிறது. ஆனால் சுயதொழில் செய்து தன் பிழைப்பை நடத்துவதற்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துபவரை அந்த விலக்கிலிருந்து காப்பாற்றுகிறது. சொந்தமாக ஒரு படகு வைத்துத் தானே கடலுக்குப் போகிறவர் நுகர்வோர்தான். பத்துப் படகு வாங்கி வாடகைக்கு விடுபவருக்கு இது பொருந்தாது. இன்னொருவர் விலை கொடுத்து வாங்கி, அவர் ஒப்புதலோடு படகைப் பயன்படுத்துபவரும் நுகர்வோரே. உதவியாகப் படகு பெற்றவர்களுக்கு இது முக்கியம்.

வழக்கு இரண்டு வகை. தகடு மெலிந்தது, நுரை இல்லை, சொன்ன அளவு இல்லை என்பது பொருளின் குறை. படகை மாற்றித் தரவோ, சரிசெய்யவோ, பணத்தைத் திருப்பவோ கேட்கலாம். அந்தக் குறையால் ஆள் காயம்பட்டாலோ இறந்தாலோ, வேறு உடைமை போனாலோ அது 'பொருள் பொறுப்பு'. உற்பத்திக் குறைக்கு மட்டுமல்ல, வடிவமைப்புக் குறைக்கும் உற்பத்தியாளர் பதில் சொல்ல வேண்டும் என்கிறது சட்டம். நிலையில்லாத அச்சு வடிவமைப்புக் குறைதான். ஆனால் விபத்து நேரத்தில் படகு மாற்றியமைக்கப்பட்டிருந்தால் விற்றவர் மீது இந்த வழக்கைப் போட முடியாது. மேல்தளம் போடுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

50 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மாவட்ட ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். பட்டறை இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. கெடு 2 ஆண்டு. ஆய்வகச் சோதனை தேவையென்றால் ஆணையமே மாதிரியை முத்திரையிட்டு அனுப்பும்; சோதனைக் கட்டணத்தை முதலில் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். முதல்படியாக 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகாரைப் பதியலாம். சட்ட உதவிக்கு 15100.

மனுவில் எதைக் காட்டுவது என்பதில்தான் பலர் தோற்கிறார்கள். முன்பணம் கொடுக்கும் அன்றே, நீளம், தண்ணீர் மட்ட அகலம், மேட் எத்தனை அடுக்கு, எத்தனை கிராம், நுரை எத்தனை லிட்டர், எங்கே, எத்தனை ஆள், எத்தனை குதிரைத்திறன் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஜிஎஸ்டி ரசீது இல்லாமல் மலிவாகக் கிடைத்த படகு, வழக்கு என்று வரும்போது விலை அதிகமாகத் தெரியும். மீன்வளத் துறையில் பதிவு செய்யவும் ரசீது உதவும்.

ஆணையம் சட்டப்படி 3 மாதத்தில், சோதனை வேண்டுமென்றால் 5 மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும். நடப்பில் இழுக்கும். அத்தனை நாள் படகைக் கரையில் வைத்துக்கொண்டு அடுப்பு எரியாது. சரிசெய்துதான் ஆக வேண்டும். சரிசெய்தால் ஆதாரம் போய்விடும். அதனால் கை வைப்பதற்கு முன் பட்டறைக்காரருக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பி, வந்து பார்க்க ஒரு தேதி கொடுங்கள். அந்த நாளில் மீன்வளத் துறை ஆய்வாளரையோ ஊர்ப் பெரியவர்கள் இருவரையோ வைத்து, விரிசலின் பக்கத்தில் ஸ்கேலை வைத்துப் படம் எடுங்கள். விரிசல் ஓடிய இடத்தில் உள்ளங்கை அளவு துண்டை அறுத்து, பையில் போட்டு, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி ஒட்டிவையுங்கள். பட்டறைக்காரர் வரவில்லையென்றால் வரவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். அதன்பிறகு ஓட்டையை அடைத்துக் கடலுக்குப் போகலாம்.