வண்ண மீன்களும் வெண்புள்ளி நோயும்

கடல் மீன்களைக் கண்ணாடித் தொட்டியில் வளர்ப்பது சென்னைக்குப் புதிதன்று. 1909ஆம் ஆண்டிலேயே மெரினா கடற்கரையில் மீன் காட்சிச் சாலை ஒன்று திறக்கப்பெற்றது. அன்று காட்சிப் பொருளாக இருந்தவை இன்று குடும்பத்திற்கு உபவருமானம் தரக்கூடியவையாகிவிட்டன. மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய மையத்தார், கோமாளி மீனைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யும் முறையை வகுத்துத் தந்துள்ளனர். 2020ஆம் ஆண்டு தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், வீட்டுப் புறக்கடையில் வண்ண மீன் வளர்ப்போருக்கும் மானியம் வகுக்கப்பெற்றது.

விம்கோ நகர் 2011 முதல் மாநகராட்சியைச் சேர்ந்தது. எனினும் எண்ணூர் முகத்துவாரத்தைக் கடந்தால், மீஞ்சூர் ஒன்றியத்தின் கடலோரப் பஞ்சாயத்துகள் தொடங்கிவிடுகின்றன. இவ்விரு பகுதிகளிலும் இத்தொழிலை மேற்கொள்ள எண்ணுவோர் முதலில் அறிய வேண்டுவது இலாபக் கணக்கன்று, நோயின் இயல்பேயாகும். ஒரு மீனில் தோன்றும் நோய் சில நாட்களில் தொட்டி முழுவதையும் அழித்துக் கடனை மட்டும் மிச்சம் வைத்துவிடும்.

நோயின் இயல்பு

இந்நோய்களுள் முதன்மையானது வெண்புள்ளி நோய். மீனின் உடலிலும் துடுப்பிலும் உப்புத் தூவினாற்போன்ற புள்ளிகள் தோன்றும். மீன் இரை எடுக்காது; கல்லில் உடலைத் தேய்க்கும்; விரைந்து மூச்சு வாங்கும். இறால் பண்ணையாளர் அறிந்த வெள்ளைப்புள்ளி நோய் வேறு. அது வைரஸால் இறாலுக்கு வருவது. இது நுண்ணிய ஒட்டுண்ணியால் மீனுக்கு வருவது.

இவ்வொட்டுண்ணி மீனின் தோலுக்கடியில் 3 முதல் 7 நாட்கள் தங்கி உண்டு வளர்கிறது. பின்னர் உதிர்ந்து, தொட்டியின் அடியிலும் கல்லிலும் ஒட்டி உறை கட்டிக்கொள்கிறது. அவ்வுறைக்குள் நூற்றுக்கணக்கில் பெருகி வெளிவந்து, மீண்டும் மீனைத் தேடுகிறது. இரண்டு நாட்களுக்குள் மீன் கிட்டாவிடில் மடிந்துபோகும். உறைகள் வெடிக்கக் குறைந்தது மூன்று நாட்களாகும். சில பத்து வாரம் வரையிலும் கிடப்பதுண்டு.

ஆகவே, புள்ளிகள் மறைந்ததும் நோய் நீங்கிற்று என எண்ணுதல் தவறாகும். கோரையை அறுத்துவிட்டுக் கிழங்கை மண்ணில் விட்டுவைப்பதற்கே அது ஒப்பாகும். மீனுக்கு வேறாகவும் தொட்டிக்கு வேறாகவும் சிகிச்சை செய்தல் வேண்டும்.

இடமாற்று முறை

மீனுக்குச் செலவு குறைந்த சிகிச்சை இடமாற்று முறையாகும். இதற்கு இரண்டு பிளாஸ்டிக் தொட்டிகளும் காற்றுக் குழாயும் போதும். மீனை முதல் நாள் ஒரு தொட்டியில் விட்டு, 4, 7, 10ஆம் நாட்களில் மறு தொட்டிக்கு மாற்ற வேண்டும். 13ஆம் நாள் நோயற்ற தொட்டியில் விடலாம். ஒவ்வொரு முறையும் புதிய நீரின் உப்பும் வெப்பமும் பழைய நீருக்கு ஒத்திருத்தல் அவசியம். காலியான தொட்டியையும் வலையையும் கழுவி வெயிலில் நன்கு உலர்த்துக. உதிர்ந்த ஒட்டுண்ணி உறை வெடிப்பதற்குள் மீன் அவ்விடம் விட்டு நீங்கிவிடுவதால், நோய் தொடர வழியில்லை.

மூலத் தொட்டியைப் பத்து வாரத்திற்குக் குறையாமல் மீனின்றித் தரிசாக விடுதல் வேண்டும். தரிசு நிலத்தில் களையை வாடவிடுவது போன்றதே இது.

மருந்து

தாமிர மருந்தும் பயன் தருவதே. ஆனால் 1,000 லிட்டர் நீருக்குத் தாமிரம் 0.15 முதல் 0.20 கிராம் அளவே இருத்தல் வேண்டும். குறைந்தால் ஒட்டுண்ணி சாகாது. மிகுந்தால் மீனே சாகும். சோதனைப் பெட்டியால் நாள்தோறும் அளந்து, மூன்று வாரமேனும் தொடர வேண்டும். மயில்துத்தத்தைக் கைக்கணக்கில் இடலாகாது. பவளமும் இறாலும் உள்ள தொட்டியில் தாமிரத்தை ஒருபோதும் இடலாகாது, அவை மடிந்துவிடும். மேனியில் பொன்தூள் படிந்தாற்போல் தோன்றும் வேறொரு நோய் உண்டு. அது மிக விரைந்து கொல்வது. அதற்கு இடமாற்று முறை போதாது. தாமிர மருந்தே வேண்டும்.

வருமுன் காத்தல்

புதிதாக வாங்கிய மீனை 30 நாட்கள் தனித் தொட்டியில் வைத்துப் பார்ப்பதே தலையாய காப்பு. அடுத்தது நீர். 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்ததை இப்பகுதியினர் மறந்திருக்கமாட்டார்கள். முகத்துவார நீரையும் தொழிற்சாலைக் கரையோர நீரையும் தொட்டியில் வார்த்தல் கூடாது. குளோரின் நீக்கிய நன்னீரில் கடலுப்புக் கலவையைக் கரைத்துப் பயன்படுத்துக. சமையல் உப்பு இதற்கு உதவாது.

பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது ஒன்று. மகளிர் குழுவிற்குக் கடனும் மானியமும் பெற்றுத் தருவதோடு நம் கடமை முடிந்துவிடவில்லை. வளர்ப்புத் தொட்டி வாங்கும்போதே தனிமைத் தொட்டிக்கும் மதிப்பீட்டில் இடம் ஒதுக்கச் செய்தல் வேண்டும். பொன்னேரி மீன்வளக் கல்லூரியையும் முட்டுக்காட்டிலுள்ள உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வு மையத்தையும் அணுகி, தொழில் தொடங்குமுன்பே பயிற்சிக்கு வழிசெய்தல் நலம். மீன் மடிந்தபின் வரும் ஆலோசனை எவருக்கும் பயன்படாது.