அந்த ஒரு மணி நேரம் யாருடையது?

ஆவணி முகூர்த்தங்கள் முடிந்து மண்டபக்காரர்கள் மூச்சு விடும் நேரத்தில்தான் கல்யாண வீடியோ எடிட் செய்பவர்களுக்குக் கழுத்து இறுகும். அப்படியொரு சாயங்காலம் நண்பரின் ஸ்டூடியோவில் உட்கார்ந்திருந்தேன். ஒரு கல்யாணம் எக்ஸ்போர்ட் ஆகிக்கொண்டிருந்தது. திரையில் நீலப் பட்டை எறும்பாக ஊர்ந்தது.

"பிராசஸரை மாத்திடலாம்னு இருக்கேன் அண்ணே. இப்ப ஆறு கோர். பன்னிரண்டு போட்டா பாதி நேரம்தானே?"

ஆறு பேர் செய்யும் வேலையைப் பன்னிரண்டு பேர் செய்தால் பாதி நேரம். கணக்கு வாத்தியார் ஒத்துக்கொள்வார். கணினி அவ்வளவு லேசில் ஒத்துக்கொள்ளாது. அந்தப் பட்டை ஊர்கிறபோது உள்ளே நடப்பது என்ன என்று தெரிந்தால்தான் அதன் பிடிவாதம் புரியும்.

ஃபுல் எச்டி படம் ஒன்றில் 1920 × 1080, அதாவது 20,73,600 புள்ளிகள். புள்ளிக்கு மூன்று பைட், நொடிக்கு 25 படம் என்று வைத்து அப்படியே சேமித்தால் நொடிக்கு 155 எம்பி ஆகும். ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 560 ஜிபி. ஆனால் பென் டிரைவில் போட்டு மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்கும் கோப்போ, நொடிக்கு 10 மெகாபிட் வீதம் என்றால், மணிக்கு நாலரை ஜிபிதான். நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மிச்சமெல்லாம் எங்கே போயிற்று?

தாலி கட்டும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அட்சதை பறக்கிறது, கைகள் அசைகின்றன. பின்னாலிருக்கும் பூ அலங்காரம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதை நொடிக்கு 25 தடவை புதிதாக எழுதி வைப்பானேன்? 2003இல் வந்து இன்றும் உலகமெங்கும் புழங்கும் எச்.264 முறை, படத்தை 16 × 16 புள்ளிக் கட்டங்களாக வெட்டிக்கொள்கிறது. ஃபுல் எச்டியில் அப்படி 8,160 கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தேடல்: இதே போன்ற துண்டு, ஏற்கெனவே எழுதி முடித்த படத்தில் எங்காவது இருக்கிறதா? இருந்தால், "அங்கே இருந்தது, மூன்று புள்ளி இடப்பக்கம் நகர்ந்திருக்கிறது" என்ற குறிப்பும், மிஞ்சிய சின்ன வித்தியாசமும் போதும்.

இந்தத் தேடலின் செலவைக் கணக்கிட்டால் தலை சுற்றும். கட்டத்தை நான்கு பக்கமும் 16 புள்ளி வரை நகர்த்திப் பார்ப்பதென்றால் 33 × 33, அதாவது 1,089 இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் 256 கழித்தல். எல்லாக் கட்டங்களுக்குமாக ஒரு படத்துக்கு 227 கோடி. ஒரு நொடி வீடியோவுக்கு 5,600 கோடிக்கு மேல். அட்சதை தலையில் விழுந்து முடிவதற்குள் இவ்வளவு கழித்தல்!

நல்லவேளையாக, யாரும் இப்படிக் குருட்டுத்தனமாகத் தேடுவதில்லை. மாம்பழக் கூடையைத் தெருவில் கவிழ்க்காமல், மேலே நாலு பழத்தை முகர்ந்தே கூடையின் லட்சணத்தைச் சொல்லும் பாட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். எக்ஸ்264 போன்ற மென்பொருள்களும் அந்த ஜாதி. அறுகோண வடிவில் சில இடங்களைத் தொட்டுப் பார்த்து, பொருத்தம் கூடுகிற திசையில் மட்டும் நகரும். சில்லு செய்பவர்களும் சும்மா இருக்கவில்லை. 1999இல் வந்த பென்டியம் 3இல் இதற்கென்றே ஓர் ஆணை இருந்தது: எட்டு ஜோடி எண்களை ஒரே வீச்சில் கழித்து, குறியை நீக்கி, கூட்டியும் தந்துவிடும். 2013க்குப் பின் வந்த சில்லுகளில் ஒரே ஆணை 32 ஜோடிகளைக் கையாண்டது.

மிஞ்சும் அந்தச் சின்ன வித்தியாசத்தைச் சுருக்கும் கணக்குக்கும் ஒரு கதை உண்டு. பெங்களூரில் பிறந்த நசீர் அகமது 1972இல் அந்த யோசனையோடு அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார். கிடைக்கவில்லை. ஆனாலும் விடவில்லை, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1974இல் கட்டுரையை வெளியிட்டார். ஜேபெக் புகைப்படம் முதல் நண்பரின் கல்யாண வீடியோ வரை அந்தக் கணக்கின் வாரிசுகள்தான்.

இனி பட்டைக்கு வருவோம். இந்தத் தேடலும் சுருக்கலும் எக்ஸ்போர்ட்டின் கடைசிக் கட்டம் மட்டுமே. அதற்கு முன் கேமரா கொடுத்த கோப்பை விரிக்க வேண்டும், ஏனென்றால் அதுவும் சுருக்கப்பட்டதுதான். பிறகு கலர் கரெக்‌ஷன், டைட்டில், எஃபெக்ட். இவற்றில் பெரும்பகுதி கிராஃபிக்ஸ் கார்டின் தலையில் விழும். கடைசிச் சுருக்கலைக்கூட இன்று பல கணினிகளில் பிராசஸரின் கோர்கள் செய்வதில்லை. 2011 முதல் இன்டெல் தன் சில்லுக்குள்ளேயே குவிக் சிங்க் என்றொரு தனி மூலை ஒதுக்கியது. மறு ஆண்டு என்விடியாவும் தன் கார்டுகளில் அதே போல ஒன்றை வைத்தது. எடிட்டிங் மென்பொருளான பிரீமியர் புரோ, 2020இல் என்விடியா, ஏஎம்டி கார்டுகளின் அந்த மூலையை எக்ஸ்போர்ட்டுக்குப் பயன்படுத்தத் தொடங்கியது. அந்த மூலைக்கு வீடியோவைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஆனால் அதை அது செய்யும் வேகமே தனி.

ஆக, எக்ஸ்போர்ட் ஆகும் ஒரு மணி நேரத்தில் பிராசஸரின் பங்கு எவ்வளவு? 24 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். பிராசஸர் வேகத்தை இரட்டித்தால் அது 12 ஆகும். மொத்தம் 48 நிமிடம். பிராசஸரின் வேலை கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தாலும்கூட 36 நிமிடத்துக்குக் கீழே போகாது. ஐபிஎம்மின் சிஸ்டம்/360 கணினிகளை வடிவமைத்தவர்களில் முதன்மையானவரான ஜீன் அம்டால் 1967இல், அட்லாண்டிக் சிட்டியில் நடந்த மாநாடு ஒன்றில், பல பிராசஸர்களைச் சேர்த்துக் கட்டினால் வேகம் பெருகிக்கொண்டே போகும் என்று நம்பியவர்களுக்கு எதிராக இந்த வாதத்தைத்தான் வைத்தார். பந்திச் சமையலில் காய் நறுக்க எத்தனை பேரை வேண்டுமானாலும் கூட்டலாம். ரசம் கொதிக்கிற நேரத்தில் கூட்டத்துக்கு வேலை இல்லை. வீடியோவில் இந்த ரசம் நிறையவே உண்டு: ஒரு படம் முந்தைய படத்தைப் பார்த்தே எழுதப்படுவதால், முந்தையது ஓரளவாவது தயாராகாமல் அடுத்ததைத் தொட முடியாது.

அப்படியானால் நண்பரின் கணினியில் பிராசஸரின் பங்கை எப்படிக் கண்டுபிடிப்பது? டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்த வழி. அது போதாது. ஆறு கோர்கள் பன்னிரண்டு இழைகளாகத் தெரியும் அவர் கணினியில், ஒரே ஓர் இழை முழுதாகத் திணறினாலும் மொத்தக் கணக்கு 8 சதவீதம் என்றுதான் காட்டும். அதைப் பார்த்து "பிராசஸர் சும்மா இருக்கு" என்று சொல்லிவிடுவோம்.

எனக்குப் பிடித்த வழி வேறு. பன்னிரண்டு கோர் எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் காசு வேண்டும்; மூன்று கோர் எப்படி இருக்கும் என்று பார்க்கக் காசு வேண்டாம். டாஸ்க் மேனேஜரின் டீடெயில்ஸ் பக்கத்தில் எடிட்டிங் மென்பொருளை வலது கிளிக் செய்து, செட் அஃபினிட்டியில் பாதி இழைகளை அணைத்துவிடலாம். ஐந்து நிமிடத் துண்டு ஒன்றை முதலில் முழுக் கணினியிலும், பிறகு பாதிக் கணினியிலும் ஓடவிட்டோம். முதலில் 250 நொடி. பாதியில் 275 நொடி. மூன்று கோரைப் பிடுங்கியும் இழந்தது 25 நொடிதான். கோர்களை இரட்டித்தால் கிடைக்கும் லாபம், பாதியாக்கியதில் வந்த நஷ்டத்தில் பாதி; அம்டாலின் கணக்கைக் கொஞ்சம் திருப்பிப் போட்டால் இது வரும். ஆக, பன்னிரண்டு கோர் வாங்கினால் மிச்சமாவது பன்னிரண்டரை நொடி.

நண்பரின் முகம் விழுந்துவிட்டது. "புது கேமரா ஃபுட்டேஜ் போட்டுப் பாருங்க அண்ணே, அதான் படுத்துது" என்றார்.

போட்டோம். அதிலும் ஐந்து நிமிடத் துண்டுதான்; 11 நிமிடம் எடுத்தது. பாதிக் கணினியில் 20. இழப்பு ஒன்பது நிமிடம். அப்படியானால் பன்னிரண்டு கோர் போட்டால் நாலரை நிமிடம் மிச்சம். ஒரே கணினி, ஒரே மென்பொருள், நேரெதிரான இரண்டு பதில்கள்!

காரணம் கேமராவின் மெனுவில் இருந்தது. நம் கண் வெளிச்சத்தின் நுணுக்கத்தைப் பிடிக்கும் அளவுக்கு நிறத்தின் நுணுக்கத்தைப் பிடிப்பதில்லை. அதனால் வீடியோவில் வெளிச்சத்தைப் புள்ளிக்குப் புள்ளி எழுதிவிட்டு, நிறத்தில் கை வைப்பார்கள். நான்கு புள்ளிகளுக்கு ஒரே நிறப் பதிவு என்றால் 4:2:0. இரண்டு பதிவு என்றால் 4:2:2. புது கேமரா 10 பிட், 4:2:2 வகை எச்.265இல் எழுதிக்கொண்டிருந்தது. என்விடியா 2025இல் 50 வரிசை வரும் வரை தன் கார்டுகளில் அதை விரிக்கும் வசதியை வைக்கவில்லை. நண்பரிடம் இருப்பது அதற்கு எவ்வளவோ முந்தைய கார்டு. விரிக்கும் வேலை முழுவதும் பிராசஸரின் முதுகில் ஏறிவிட்டது.

இங்கே ஒரு வேடிக்கை. விலை உயர்ந்த கார்டுகள் விழித்த அந்த வேலையை, இன்டெல்லின் 11ஆம் தலைமுறை முதல் பிராசஸருக்குள்ளேயே இருக்கும் சாதாரண கிராஃபிக்ஸ் செய்துவிடுகிறது. சென்னை ரிச்சி தெருக் கணினிக் கடைகளில் "எஃப்" என்று முடியும் இன்டெல் மாடலைக் கொஞ்சம் விலை குறைவாகக் கொடுப்பார்கள். தனி கார்டு இருக்கிறதே, இது எதற்கு என்று நாமும் வாங்கிவிடுவோம். அந்த எஃப் சில்லில் இல்லாமல் போவது இந்த மூலைதான். வீடியோ வேலைக்கு இதைவிட மோசமான சிக்கனம் எனக்குத் தெரியவில்லை.

நண்பருக்கு மூன்று வழிகள் இருந்தன. அவருடையது 2017இல் வாங்கிய ரைசன், ஏஎம்4 சாக்கெட். பயாஸை மட்டும் புதுப்பித்து அதே போர்டில் பன்னிரண்டு கோர் ரைசன் 5900எக்ஸைப் பொருத்த வாய்ப்புண்டு. இன்டெல்லுக்கு மாறுவதென்றால் மதர்போர்டும் சேர்ந்து மாற வேண்டும். மூன்றாவது, கேமராவில் 4:2:0 என்று மாற்றிவிடுவது. கடைசியில் பென் டிரைவுக்கும் யூடியூபுக்கும் போகிற கோப்பு எப்படியும் 4:2:0தான். பச்சைத் திரை வைத்து எடுப்பவர்கள் யோசிக்கட்டும். மண்டபத்தில் எடுப்பவருக்கு அந்த வித்தியாசத்தைக் காட்டச் சொன்னால் காட்டுவது கடினம்.

செட்டிங்கை மாற்றி வாசலிலேயே ஐந்து நிமிடம் எடுத்து, உள்ளே வந்து ஓடவிட்டோம். ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. காசு செலவில்லை. வந்ததுக்கு, பெட்டியைத் திறந்து விசிறியில் அப்பியிருந்த தூசியையும் தட்டினோம். சூடேறினால் பிராசஸர் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் ஏசி இல்லாத அறையில் அது புதுச் சில்லுக்கும் நேரும்.

ஏற்கெனவே 4:2:2இல் எடுத்து முடித்த நான்கு கல்யாணங்களுக்கு மட்டும் விடிவில்லை. அவற்றை ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கப் போவதாகச் சொன்னார். தூங்குகிற நேரத்தில் இரண்டு மணி என்ன, நாலு மணி என்ன.

மறுநாள் காலை போன் செய்தார். முதல் கல்யாணம் நல்லபடியாக முடிந்திருந்தது. பெண்ணின் அம்மா பார்த்துவிட்டு, ஊஞ்சல் பாட்டை மட்டும் மாற்றச் சொல்லியிருக்கிறார். பட்டை மறுபடி முதலிலிருந்து ஊர ஆரம்பித்திருந்தது.