நெய்வேலிக் கரிக்கு ஒரு பாட்டன்!

நெய்வேலிச் சுரங்கத்தின் விளிம்பில் நின்று கீழே பாருங்கள். ஆட்கள் எறும்பு போலத் தெரிவார்கள். 150 அடிக்கும் மேல் மண்ணை அகற்றிய பிறகுதான் பழுப்பு நிலக்கரி கண்ணில் படுகிறது. சில துண்டுகளை உடைத்தால் மரத்தின் நார் தெரியும். ஆம், அது ஒரு காலத்தில் மரம்தான்!

1935-ல் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டச் செய்தார். தண்ணீரோடு கரிய பொருள் வந்தது. நெய்வேலியின் கதை அங்கே தொடங்கியது. 1957 மே 20-ந் தேதி பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1962-ல் மின்சாரம் பிறந்தது.

மூத்த கரி

கரி எல்லாம் ஒரே வயது அல்ல. நெய்வேலிக் கரி இளையது. சில கோடி ஆண்டுகளுக்கு முன் சதுப்புக் காடு புதைந்து உண்டானது. அதில் ஏறக்குறைய பாதி ஈரம்தான். மேற்கு வங்காளத்து ராணிகஞ்சுக் கரியோ அதற்குப் பாட்டன். வயது 25 கோடி ஆண்டுக்கும் மேல்! அந்தக் காலத்துக்கு 'பெர்மியன்' என்று பெயர்.

அப்போது இந்தியா இந்த இடத்தில் இல்லை. ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, தென்துருவக் கண்டம் ஆகியவற்றோடு ஒட்டிக்கொண்டு தெற்கே கிடந்தது. முதலில் பனிப்பாறை. பனி உருகியதும் சதுப்பு நிலத்தில் 'குளோசாப்டெரிஸ்' என்ற மரங்கள் செழித்தன. இலை நாக்கைப் போல் இருக்கும். 1912-ல் தென்துருவத்திலிருந்து திரும்பும் வழியில் மடிந்த ஸ்காட் குழுவினர், கடைசி வரை கீழே போடாமல் இழுத்து வந்த கற்களில் இதே இலையின் அச்சு இருந்தது. சாகும் நிலையிலும் கல்லை விடாத மனிதர்கள்!

வெந்து போன பூமி

சுமார் 25 கோடியே 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன் சைபீரியாவில் நெருப்புக் குழம்பு பொங்கியது. ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, லட்சக்கணக்கான ஆண்டுகள். வழியில் இருந்த நிலக்கரியும் எரிந்தது. கரியமில வாயு பெருகியது. பூமி சூடேறியது. கடல்வாழ் இனங்களில் பத்துக்கு எட்டுக்கு மேல் பூண்டோடு அழிந்தன. குளோசாப்டெரிஸ் காடும் போயிற்று. பிறகு சுமார் ஒரு கோடி ஆண்டு வரை உலகில் புதிதாக நிலக்கரியே உண்டாகவில்லை.

அன்று எரிமலை கக்கிய அதே வாயுவைத்தான் இன்று நம் கொதிகலன்களும் கக்குகின்றன. அதற்காக விளக்கை அணைத்துவிட முடியுமா? பிள்ளைகள் படிப்பது அந்த வெளிச்சத்தில்தானே! ஆனால் நிலம் கொடுத்தவர்களின் மனக்குறையையும் மறக்க முடியாது. 2023 ஜூலையில் வளையமாதேவியில், கால்வாய் வெட்ட விளைந்த நெற்பயிருக்குள் இயந்திரங்கள் இறங்கியபோது பெரும் கிளர்ச்சி மூண்டது.

1962-ல் மின்சாரம் தந்த முதல் அனல் மின் நிலையம் 2020-ல் மூடப்பட்டது. அதே நெய்வேலியில் இப்போது வெயிலிலிருந்தும் மின்சாரம் எடுக்கிறார்கள்.